போன் 30% இருக்கும்போதே ஆஃப் ஆகுது, பேட்டரி போச்சா? நைட்டெல்லாம் சார்ஜ்ல போட்டதுதான் காரணமா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டரை வருஷம் ஆன ஆண்ட்ராய்டு போன், 30 பர்சென்ட் காட்டிட்டு இருக்கும்போதே பொட்டுனு அணைஞ்சிடுது, சார்ஜர்ல சொருகி ஆன் பண்ணா மறுபடி 25ன்னு காட்டுது, ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டதாலதான் இப்படின்னு வீட்ல திட்டுறாங்க. திருச்சியில ஒரு சின்ன சர்வீஸ் கடையில பதினோரு வருஷமா வேலை பாக்குறேன், இதே கம்ப்ளைன்ட்டோட வாரத்துக்கு நாலஞ்சு பேராவது வர்றாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த 30 கதை. சில வீட்ல சாயங்காலம் லோ வோல்டேஜ் இருக்கும், லைட் எரியும், ஃபேன் ஓடும், ஆனா மோட்டார் போட்டவுடனே எல்லாம் மங்கிடும்ல, அதேதான் இங்கயும் நடக்குது. லித்தியம் பேட்டரி பழசாக ஆக அதோட உள் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட் வெளிய வர்றதுக்கு உள்ளயே இருக்குற தடை, ஏறிக்கிட்டே போகும். ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட்டுக்கு மேல இருக்குற பேட்டரி 3 வோல்ட் சொச்சத்துக்கு இறங்குனா போன் தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கும். நீங்க சும்மா வாட்ஸப் பாக்குறப்ப ஒண்ணும் தெரியாது, கேமரா ஃபிளாஷ், வீடியோ கால், கேம்னு திறந்தா போன் திடீர்னு நெறைய கரண்ட் இழுக்கும், பழைய பேட்டரி தாக்குப்பிடிக்காம வோல்டேஜ் சட்டுனு விழும், போன் அணைஞ்சிடும். இழுக்குறது நின்னதும் வோல்டேஜ் திரும்ப ஏறிக்கும், அதான் ஆன் பண்ணா 25 காட்டுது. இது எந்த கம்பெனி போனுக்கும் வரும். பழைய பேட்டரி இருக்குற ஐபோன் இப்படி திடீர்னு அணையக்கூடாதுன்னு வேகத்தைக் குறைச்சதா 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிச்சு, அதுக்கப்புறம்தான் பேட்டரி மாத்துற விலையை 29 டாலருக்கு இறக்குனாங்க.

அதனால எப்ப அணையுதுன்னு ஒரு ரெண்டு நாள் கவனிங்க. கேமரா, கால், கேம் சமயத்துல மட்டும்னா பேட்டரிதான், பெருசா சந்தேகம் வேண்டாம். சும்மா டேபிள்ல கிடக்கும்போதே, அதுவும் 60, 70ல இருக்கும்போதே அணைஞ்சா வேற மாதிரி யோசிக்கணும், கீழ விழுந்துச்சா தண்ணி பட்டுச்சான்னு பாருங்க, உள்ள கனெக்டர் லூசா இருக்கலாம், போர்டுல பிரச்சனை இருக்கலாம், அப்ப பேட்டரி மாத்துனா காசுதான் வேஸ்ட்.

சார்ஜ் வேகமா இறங்குதுன்னு வர்றவங்களுக்கு நான் கடைக்காசு வாங்காம சொல்லிக்குடுக்குற ஒரு சோதனை இருக்கு. ஒரு ராத்திரி படுக்கும்போது பர்சென்ட்டை குறிச்சு வச்சு ஏரோப்ளேன் மோட்ல போட்டு, வைஃபை ப்ளூடூத் ரெண்டும் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு, சார்ஜர் இல்லாம வைங்க, காலையில எவ்ளோ இறங்கிருக்குன்னு பாருங்க. அடுத்த ராத்திரி அதே மாதிரி, ஆனா ஏரோப்ளேன் மோட் இல்லாம. முதல் ராத்திரி ரெண்டு மூணு பர்சென்ட்தான் போச்சு, ரெண்டாவது ராத்திரி பதினஞ்சு இருபது போச்சுன்னா உங்க பேட்டரி மேல தப்பு இல்ல, ஏதோ ஆப் உள்ள ஓடிக்கிட்டே இருக்கு, இல்லன்னா உங்க ரூம்ல சிக்னல் மோசம். டவர் தூரமா இருந்தா போன் கத்திக் கத்தி பேசணும், அதுக்கு பவர் ஜாஸ்தி செலவாகும், 5ஜி அரைகுறையா கிடைக்குற இடத்துல 4ஜிக்கு மாத்தி வச்சதுமே பிரச்சனை தீர்ந்தவங்களை நெறைய பாத்திருக்கேன். ஏரோப்ளேன் மோட்லயே இருபது போச்சுன்னா பேட்டரி இல்லன்னா போர்டு, கடைக்கு வாங்க.

பேட்டரி சேவர், கிளீனர்னு ப்ளே ஸ்டோர்ல கிடைக்குற ஆப் எதுவும் போடாதீங்க ப்ளீஸ், அதுங்களே பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கும். செட்டிங்ஸ்ல பேட்டரி யூசேஜ்னு இருக்கு, எது தின்னுதுன்னு அதுலயே தெரியும்.

இப்ப ராத்திரி சார்ஜ். உங்க வீட்ல திட்டுறது பாதிதான் சரி. 100 ஆனதும் போனே சார்ஜை நிறுத்திக்கும், அதுக்குன்னு சர்க்யூட் உள்ள இருக்கு, ஓவர் சார்ஜ் ஆகி வெடிச்சிடும்னு பயப்பட வேண்டாம். ஆனா ஃபுல்லாவே மணிக்கணக்கா இருக்குறது பேட்டரிக்கு ஆகாது, அதோட சூடும் சேர்ந்தா சீக்கிரம் வயசாயிடும். ஆமா, சூடு, நான் முக்கியமா சொல்ல வந்ததே இதைத்தான். ராத்திரி சார்ஜ் போட்டதால கெட்டுப்போனதை விட தலகாணிக்கு அடியில, மெத்தை மேல, தடி கவரோட சார்ஜ் போட்டு சூட்டுல கெட்டுப்போனதுதான் நான் அதிகமா பாத்தது. ஆப்பிள் தன் போனை 0லேர்ந்து 35 டிகிரிக்குள்ளதான் பயன்படுத்தச் சொல்லுது, நம்ம திருச்சியில மே மாசம் வெளிய நிழல்லயே 40ஐத் தொடும், அப்ப என்ன செய்யணும்னு யோசிச்சுக்கோங்க.

சாப்பாடு டெலிவரி பண்ற ஒரு தம்பி வருவான். பைக் ஹேண்டில்ல போன், உச்சி வெயில், மேப் ஓடுது, பிரைட்னஸ் ஃபுல், பைக் சார்ஜர்ல வேற சொருகியிருக்கு. புது பேட்டரி போட்டு எட்டே மாசத்துல உப்பிடுச்சு. "அண்ணே, டூப்ளிகேட் போட்டுட்டீங்களா"ன்னு கேட்டான், அவன் கேட்டதுல தப்பில்ல, அவனுக்கு அது ஒரு வார வருமானம். அடுத்த பேட்டரி போட்டப்ப சொன்னேன், தம்பி வெயில்ல சார்ஜ் மட்டும் போடாத, காலையில ஃபுல் பண்ணிட்டு கிளம்பு, போனை சட்டைப் பையில வச்சிட்டு இயர்போன்ல மேப் கேளு, ஆர்டருக்கு வெயிட் பண்ற நேரத்துல நிழல்ல வச்சு கொஞ்சம் ஏத்திக்கோன்னு. அது இப்ப ஒன்றரை வருஷம் தாண்டி ஓடுது. சூடான போனை ஃப்ரிட்ஜ்ல வைக்கிறவங்களும் இருக்காங்க, வைக்காதீங்க, உள்ள ஈரம் கோத்துக்கும், கவரைக் கழட்டி ஃபேனுக்கு அடியில வச்சாலே போதும்.

20லேர்ந்து 80க்குள்ள வச்சுக்கிட்டா நல்லது, ஆனா அதையே நினைச்சுக்கிட்டு தவிக்க வேண்டாம், வெளியூர் போற அன்னைக்கு 100 போடுங்க. நெறைய போன்ல 80ல நிறுத்துற செட்டிங் வந்திருக்கு, ஐபோன்ல 15லேர்ந்து இருக்கு, சாம்சங்ல பேட்டரி ப்ரொடெக்ஷன்னு இருக்கும், ராத்திரி போடுறவங்க அதை ஆன் பண்ணிட்டு நிம்மதியா தூங்கலாம். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா சார்ஜ் போட்டா கெட்டுடும்னு சொல்றதும், மாசம் ஒருக்கா சுத்தமா இறக்கி ஏத்தணும்னு சொல்றதும் பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரியில 50, 50ன்னு ரெண்டு தடவை ஏத்துனாதான் ஒரு சைக்கிள், அதாவது ஒரு முழு சார்ஜ் கணக்கு. ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிள் ஆனாலும் புதுசுல பிடிச்ச சார்ஜ்ல 80 பர்சென்ட் தாங்கும், 15லேர்ந்து 1000 சைக்கிள்னு ஆப்பிள் கணக்கு சொல்லுது. ஐரோப்பாவுல 2025 ஜூன்லேர்ந்து விக்கிற போன்ல 800 சைக்கிள் ஆனாலும் 80 இருக்கணும்னு சட்டமே வந்தாச்சு. உங்க போனுக்கு ரெண்டரை வருஷம்னா தினம் ஒரு சைக்கிள் வச்சாலே 900 தாண்டியிருக்கும், அதுக்கு வயசாயிடுச்சு, அவ்ளோதான், நீங்க எதுவும் பெருசா தப்பு பண்ணல.

சார்ஜே ஏறலன்னு வர்ற போன்ல முக்கால்வாசி சார்ஜிங் பின் உள்ள பேன்ட் பாக்கெட் பஞ்சு அடைச்சிருக்கும். ஆஃப் பண்ணிட்டு மரத்து டூத்பிக்ல மெதுவா எடுங்க, குண்டூசி சேஃப்டி பின் விடாதீங்க. அப்புறம் கேபிளை மாத்திப் பாருங்க. 67 வாட் சார்ஜரா இருந்தாலும் ரோட்டோரக் கேபிள்ல சொருகுனா மெதுவாத்தான் ஏறும். சார்ஜர் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை குடுக்குற அரசு அமைப்பு பிஐஎஸ்ஸோட ஆர் நம்பர், அதாவது R-னு ஆரம்பிக்கிற பதிவு எண், அதுல அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல போட்டு சரிபாத்துக்கலாம்.

ஒண்ணை மட்டும் தள்ளிப்போடாதீங்க. போன் முதுகு தூக்கிட்டு வந்தாலோ, டிஸ்ப்ளே ஓரத்துல இடைவெளி தெரிஞ்சாலோ பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம், உள்ள கேஸ் சேர்ந்திருக்கு. போன வருஷம் ஒரு அக்கா மூடி திறந்துக்குதுன்னு ரப்பர் பேண்ட் சுத்திக் கொண்டுவந்தாங்க, ரெண்டு மாசமா அப்படியே சார்ஜ் போட்டு அடுப்பு மேடையில வச்சு பாட்டு கேட்டுருக்காங்க, பக்கத்துலயே பேரப்பிள்ளை விளையாடும்னு சொன்னாங்க, எனக்கு கையெல்லாம் நடுங்கிடுச்சு. உப்புனதை அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது, சார்ஜ் போடவே கூடாது, ஆஃப் பண்ணி துணி பேப்பர் இல்லாத இடத்துல வச்சு அன்னைக்கே கொண்டு போங்க.

உங்க போனுக்கு பேட்டரி மாத்துறதா இருந்தா முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்ல விலை கேளுங்க, பல மாடலுக்கு வெளிக்கடை விலைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பழைய பேட்டரியை கேட்டு வாங்கிட்டு வந்து வீட்டுக் குப்பையில போட்டுடாதீங்க, குப்பை வண்டியில அமுங்குனா தீப்பிடிக்கும், சர்வீஸ் சென்டர்லயே இ-வேஸ்ட் பெட்டி இருக்கும், அதுல போட்டுட்டு வந்துடுங்க.