முழங்கை வீங்கினால் கட்டுக்கு முன் விரலைப் பாருங்கள்: எலும்பு மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: என் ஆறு வயதுப் பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. நாட்டுக்கட்டு போடச் சொல்கிறார் மாமியார். போடலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா. கையை ஊன்றி விழும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே உடைவதுதான் அதிகம். அங்கே ரத்தக்குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிவிட்டால், உள்ளே வீக்கம் ஏற ஏற ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரம் அப்படியே விட்டால் முன்கைத் தசை செத்து, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். ஜெர்மனியின் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே இதை எழுதிவைத்தார், இன்றும் பார்க்கிறோம். கையை மடக்கவோ நீட்டவோ முயலாதீர்கள். இருக்கிற நிலையிலேயே அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி, எக்ஸ்ரே உள்ள இடத்துக்குக் கொண்டு போங்கள். வழியில் டீ, பிஸ்கட் வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கேள்வி: கை உடைந்த என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டாச்சு. ஆனாலும் ராத்திரி முழுக்க அழுகிறாள். இன்னொரு வலி மாத்திரை தரலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும், முதலில் விரலைப் பாருங்கள். மெதுவாக நிமிர்த்தும்போது துடித்து அலறினால், அல்லது விரல் வெளுத்தோ மரத்தோ இருந்தால், மணி இரண்டானாலும் கிளம்புங்கள். கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாட்டுக்கட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, எங்கள் கட்டும் இறுகும்.

கேள்வி: என் பிள்ளைக்கு உடைந்த முழங்கை கோணலாகச் சேர்ந்துவிட்டது. வளர வளர நேராகிவிடும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை சார். மணிக்கட்டுப் பக்கம் என்றால், சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் நேராகிவிடும். ஆனால் மேற்கை எலும்பு நீள்வதில் ஐந்தில் நான்கு பங்கு தோள்பக்கம்தான். முழங்கைப் பக்கம் மிச்சமிருக்கும் கொஞ்ச வளர்ச்சியை நம்பிக் காத்திருக்க முடியாது.

கேள்வி: பைக் சக்கரத்தில் குதிகால் மாட்டி லேசாகத் தோல் உரிந்தது. களிம்பு போதுமா?

பதில்: போதாது தம்பி. முதல் நாள் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும் தோல், இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போவதுண்டு. இன்றே காட்டுங்கள், எக்ஸ்ரேயும் எடுங்கள்.

கேள்வி: இரண்டு வயசுக் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கினேன். அதிலிருந்து அந்தக் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறான்.

பதில்: விழவில்லை, வீக்கமும் இல்லை என்றால் முழங்கை மூட்டு சற்று நழுவியிருக்கும். நீங்களே திருகிப் பார்க்காதீர்கள். மருத்துவர் ஒரு திருப்புத் திருப்புவார், 'டொக்' என்று கேட்கும். அப்புறம் பத்து நிமிஷத்தில் அதே கையால் பிஸ்கட்டை எட்டி வாங்குவான்.