தொலைநோக்கிகளைச் சேர்ப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன மாதம் சனி வளையத்தைப் பற்றி எழுதியபோது, ‘வீட்டில் ஏழு தொலைநோக்கிகள் இருக்கின்றன, பார்ப்பது என்னவோ இரண்டில்தான்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தது.

எனக்கு 51 வயது. சேலத்தில் வங்கி வேலை. ஆறு வருடங்களுக்கு முன் 70 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். வியாழனின் நான்கு நிலவுகளையும் பார்த்த அன்று இரவு தூங்கவில்லை. அப்புறம் ஆடி வைத்த ரகங்களில் 127 மி.மீ. மக்சுடோவ், மோட்டார் மவுண்டோடு ஆறு அங்குல நியூட்டோனியன், எட்டு அங்குல டாப்சோனியன், 15×70 பைனாகுலர் என்று வந்துகொண்டே இருந்தன. கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் வில்லை மட்டும் 11, மி.மீ. கணக்கில்: 32, 25, 20, 15, 12.5, 12, 10, 9, 6, 5, 4. பெருக்கத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ வில்லை இரண்டு, ஆடியை நேராக வைக்க லேசர் காலிமேட்டர், ஒரு டப்பா நிறைய ஃபில்டர்கள். இப்போது 12 அங்குல டாப்சோனியன் ஒன்றின் மேல் கண் இருக்கிறது.

கடந்த ஐந்து மாதங்களில் நான் மாடிக்குப் போனது மூன்று முறை. போன வாரம் என் மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, ‘அப்பா, கடை எப்போ திறக்கப்போறீங்க?’ என்று கேட்டாள். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இது வானியல் ஆர்வமா, வெறுமனே பொருள் சேர்க்கிற புத்தியா? எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? 12 அங்குலம் வாங்கலாமா?

ஆர்., சேலம்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் என்னுடையதை ஒரு முறை எண்ணிப் பார்த்தேன். ஏழு இல்லை, எட்டு. பரண்மேல் பழைய ரேடியோவுக்குப் பின்னால் ஒன்று கிடந்தது. 60 மி.மீ. வில்லை, 700 மி.மீ. குவியத் தூரம். என் முதல் தொலைநோக்கி. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்று போட்டிருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. குவியத் தூரம் 700ஐ 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175 மடங்கு. கூடவே வந்த மூன்று மடங்கு பார்லோவைப் போட்டால் 525. கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பதுதான் பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு, 60 மி.மீ. வில்லை 120ஐத் தாண்டினால் தாங்காது. அதற்கு மேல் போவது மோரில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. அளவு கூடும், மோர் கூடாது.

அந்தப் பெட்டியில் ‘சன்’ என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. ஐபீஸில் திருகிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். வில்லை குவிக்கிற வெயில் மொத்தமும் அந்தப் பொட்டளவு கண்ணாடியில் இறங்கும். சூட்டில் அது விரிசல் விட்டால் அடுத்தபடியாக இருப்பது உங்கள் கண். விஷயம் தெரிந்த அன்றே அதை அம்மிக் குழவியால் நசுக்கிப் போட்டேன். உங்கள் ஃபில்டர் டப்பாவில் அப்படி ஒன்று கிடந்தால் விற்காதீர்கள், யாருக்கும் சும்மாவும் கொடுக்காதீர்கள், உடைத்துவிடுங்கள். சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எண்ணி முடித்ததும் ரசீதுகளையும் எடுத்துப் பார்த்தேன். எட்டில் ஐந்து, ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வாங்கியவை. மூன்று மாதம் வானமே தெரியாத மழைக்காலத்தில்! தை பிறந்து வானம் திறந்த பிறகு நான் வாங்கியது ஒன்றே ஒன்று, அதுவும் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல். பார்க்க முடியாத நாட்களில்தான் கை கடைப்பக்கம் போகிறது. உங்கள் ரசீதுகளையும் ஒரு முறை பாருங்கள். இதைப் புத்தி என்றோ நோய் என்றோ சொல்ல எனக்கு மனமில்லை. பசித்தவன் ஓட்டல் வாசலில் நின்று விலைப்பட்டியலைப் படிப்பது போன்றது. ஆனால் வானம் திறந்த பிறகும் பட்டியலையே படித்துக்கொண்டிருந்தால் மகள் கேட்கத்தான் செய்வாள்.

ஐபீஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எட்டு அங்குலம் 1200 மி.மீ. குவியத் தூரம் உள்ளதாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 12.5, 12 என்று இரண்டு வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் 96 மடங்கு, மற்றதில் 100. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. போதாக்குறைக்கு 25ஐ பார்லோவில் போட்டாலும் அதே 96. தேடுவதற்கு 32, விண்மீன் கொத்துகளுக்கு 15, சனிக்கும் வியாழனுக்கும் 9, காற்று அசையாமல் நிற்கிற இரவுக்கு 6. நான்கு போதும். 4 மி.மீ. போட்டால் 300 மடங்கு. அதற்கு இடம் கொடுக்கிற இரவுகளை வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஏழையும் ஒரு டப்பாவில் போட்டு, எட்டாத உயரத்தில் வையுங்கள். இருட்டில் மாடியில் நின்றுகொண்டு பதினொன்றில் எதைப் போடுவது என்று யோசிப்பதிலேயே பாதி இரவு போய்விடுகிறது, அனுபவத்தில் சொல்கிறேன்.

பைனாகுலரை மட்டும் தொடாதீர்கள். உங்களுக்கு 51 என்பதால் ஒன்று சொல்கிறேன். இளம் வயதில் இருட்டில் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் பலருக்கு 5 மி.மீ.யை ஒட்டி நின்றுவிடுகிறது. என்னிடம் 7×50 ஒன்று இருக்கிறது, 7 மடங்கு, 50 மி.மீ. வில்லை. 50ஐ 7ஆல் வகுத்தால் 7 மி.மீ. சொச்சம், அந்த அகலத்துக்கு ஒளிக்கற்றை வெளியே வருகிறது. என் கண்ணுக்குள் போவது 5. மிச்ச ஒளி இமையிலும் கன்னத்திலும் விழுந்து வீணாகிறது. அதாவது நான் 50 மி.மீ. வில்லைக்குக் காசு கொடுத்துவிட்டு 35 மி.மீ. வில்லையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைனாகுலர் அப்படியேதான் இருக்கிறது, வயதானது எனக்கு. உங்கள் 15×70இல் வெளிவருவது 4.7 மி.மீ., இன்னும் பல வருடத்துக்குக் கவலையில்லை. மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே, அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் அதைத் திருப்புங்கள். மங்கலான பஞ்சுருண்டை போல ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெரியும். அதையே எட்டு அங்குலத்தில் பார்த்தால் ரவையைக் கொட்டியது மாதிரி நட்சத்திரங்கள் பிரியும். லண்டனில் இருப்பவர் எத்தனை லட்சம் செலவழித்தாலும் வீட்டிலிருந்து அதைப் பார்க்க முடியாது. அங்கே அது உதிப்பதே இல்லை.

இனி அந்த 12 அங்குலம். எட்டைவிட இரண்டேகால் மடங்கு ஒளியைச் சேர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் சேலம் நகர வெளிச்சத்தையும் அதே இரண்டேகால் மடங்கு சேர்க்கும். இருக்கிற எட்டு அங்குலத்தை ஒரு நல்ல இரவில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்கு அப்பால் இருட்டான ஓரிடத்துக்குக் கொண்டுபோனால், மாடியில் நிற்கிற 12 காட்டாததையெல்லாம் அது காட்டும். பனிமூட்டம் வந்து ஏமாற்றினால் என்னைத் திட்டக்கூடாது. 12 அங்குலத்தைக் காரில் ஏற்றினால் பின் சீட்டு முழுக்க அதற்குத்தான். மகளை எங்கே உட்கார வைப்பீர்கள்?

வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலுக்கே இது நடந்தது. 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தபோது அவரிடம் இருந்தது ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகமான, வீட்டில் செய்த ஆடி. பிறகு மன்னர் பணம் கொடுக்க, நான்கு அடி அகல ஆடியோடு 40 அடி நீளத் தொலைநோக்கியைக் கட்டி 1789இல் முடித்தார். பார்க்க ஊரே வந்தது. ஆனால் அதைத் திருப்ப ஆட்கள் வேண்டும், ஆடி சீக்கிரம் மங்கிவிடும். அவர் பெரும்பாலும் வேலை செய்தது பழைய 20 அடித் தொலைநோக்கியில்தான்.

உங்கள் டாப்சோனியனுக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சன் கதை இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் ராமகிருஷ்ண மடத்து வேதாந்தத் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் வைத்துத் தொலைநோக்கி கட்டி, மடத்துக்கு வெளியே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மடத்து வேலை கெடுகிறது என்று 1967இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்புறமும் சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் நின்று காட்டிக்கொண்டே இருந்தார். அந்த வடிவத்துக்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

எதை விற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் விற்க வேண்டாம் என்பேன். பள்ளிக்கும் கொடுக்க வேண்டாம். சொன்னால் கோபப்படுவார்கள், ஆனாலும் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நல்ல 80 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி ஒன்றை ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். மேடையில் பொன்னாடை எல்லாம் போர்த்தினார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது விசாரித்தேன். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. ஆயுத பூஜைக்குக் குழாய் நெடுகச் சந்தனம் பூசி, முன்வில்லையின் நட்டநடுவே குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். இரண்டு வருடப் பொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக. யாரைக் குறை சொல்வது? அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலும் ஆயுத பூஜைக்குப் பொட்டு உண்டு. முக்காலியின் காலில் வைக்கும்படி கேட்டுக்கொள்வேன்.

இரவல் கொடுங்கள். பெயர் தெரிந்த ஓர் ஆளுக்கு, திருப்பித் தர வேண்டிய தேதி சொல்லி.

இந்த யோசனை எனக்கு லெஸ்லி பெல்டியரிடமிருந்து வந்தது. ஒஹாயோ மாநிலத்தில் டெல்ஃபாஸ் என்ற சின்ன ஊரின் விவசாயி மகன். ஒரு குவார்ட் இரண்டு சென்ட் கூலிக்கு 900 குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறித்து, 18 டாலர் சேர்த்து, இரண்டு அங்குலத் தொலைநோக்கி வாங்கினார். 1918இலிருந்து, ஒளி கூடிக் குறைகிற மாறொளி விண்மீன்களைப் பார்த்துக் குறித்து அனுப்பத் தொடங்கினார். அதைப் பார்த்துவிட்டு அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் ஒரு நான்கு அங்குலத்தை அவருக்கு இரவல் கொடுத்தது. பிறகு பிரின்ஸ்டனிலிருந்து ஆறு அங்குலம் ஒன்று, அதுவும் இரவல். 1980இல் இறக்கும் வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 1,32,000க்கு மேல், கண்டுபிடித்த வால்மீன்கள் 12. பிரின்ஸ்டனில் அந்த ஆறு அங்குலம் பீரோவுக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் அந்த 80 மி.மீ.யைத் திரும்பக் கேட்டு வாங்கிவந்தேன் (அதற்கு மூன்று நடை நடந்தது தனிக் கதை). பொட்டைச் சுத்தம் செய்தேன். எங்கள் தெருவில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த பையனிடம், ‘பொங்கலுக்கு வாங்கிக்கோ, சித்திரை ஒண்ணாம் தேதி கொண்டுவந்து கொடு’ என்று சொன்னேன். மூன்று விஷயம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். சூரியன் பக்கம் திருப்பாதே. கொசுவத்தியைக் குழாயின் வாய்க்குக் கீழே வைக்காதே. சூடும் புகையும் ஏறினால் பிம்பம் நடுங்கும். கொசு களிம்பு தடவிய விரலால் வில்லையைத் தொடாதே.

சொன்ன தேதிக்குக் கொண்டுவந்தான். கூடவே கோடு போடாத நோட்டு ஒன்று. நாற்பது இரவுகள் வியாழனை வரைந்திருந்தான்: நடுவில் வட்டம், இருபுறமும் புள்ளிகள், ஓரத்தில் மணி. ஒரு பக்கத்தில் மூன்று புள்ளிகள் மட்டும். கீழே, ‘மூணுதான் இருக்கு. நாலாவது எங்கே?’ அடுத்த வரியில் வேறு பேனாவில், ‘9.40. வந்துடுச்சு!’ நிலவு வியாழனுக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பியதை அவனாகவே பிடித்திருக்கிறான். குறி பார்க்கிற சிறு குழாயான ஃபைண்டரின் திருகு ஒன்று தொலைந்துபோய், அதற்குப் பதில் சைக்கிள் கடையில் வாங்கிய போல்ட்டைப் போட்டு, உள்ளே ரப்பர் வாஷரும் வைத்திருந்தான். அந்த போல்ட்டை நான் மாற்றவே இல்லை. பழைய திருகைவிட நன்றாகப் பிடிக்கிறது.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மழைக்காலத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். சிலந்திவலை போல ஓரத்திலிருந்து படரும், விட்டால் பூச்சையே அரித்துவிடும். பீரோவில் சிலிக்கா ஜெல் வையுங்கள். நீலம் வெளிறி இளஞ்சிவப்பாக மாறினால் வறுத்துத் திரும்ப வைக்கலாம். ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம், அந்த நீலச்சாயம் விஷம். வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாணலியில் கை வைத்தால் சொல்லிவிடுவார்.

12 அங்குலத்துக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் பரவாயில்லை, வரட்டும். வந்தால் எட்டு அங்குலம் சும்மாதானே இருக்கும். அந்தப் பையன் இப்போது திருப்பத்தூரில் கல்லூரி இரண்டாம் வருடம். போன ஞாயிற்றுக்கிழமைகூட வந்து, ‘எட்டு அங்குலம் யாராவது இரவல் தருவாங்களா சார்?’ என்று கேட்டுவிட்டுப் போனான். சேலத்துக்கு ரயிலில் வந்து அவனே தூக்கிக்கொண்டு போய்விடுவான். திருப்பித் தர வேண்டிய தேதியை மட்டும் சொல்லுங்கள்.