கேள்வி பதில்: வில்லனே நாயகனாக வரும் டிஸ்டோபிய நாவல் (கொடுங்கோல் உலகைக் கற்பனை செய்யும் கதை)

கேள்வி: நாயகனே கொடியவன் என்றால் வாசகர் ஏன் கூட வரவேண்டும்?

பதில்: அவனுடைய தேவை நமக்கும் புரிவதால். சூசன் காலின்ஸ் 2020இல் எழுதிய 'தி பாலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்' நாவலில், 'ஹங்கர் கேம்ஸ்' கதைகளில் சர்வாதிகாரியாக வரும் ஸ்னோ இன்னும் 18 வயதுப் பையன். கொதிக்கும் தண்ணீரில் முட்டைக்கோஸைப் போட்டுக்கொண்டே, ஒருநாள் இதை வாயிலேயே வைக்கமாட்டேன் என்று சபதம் செய்கிறான். பசியும் வறட்டுக் கௌரவமும் நமக்குத் தெரியாததா?

கேள்வி: என் நாயகன் கொடுங்கோல் அரசில் ஒரு குமாஸ்தா. பயமே வரவில்லை. கொலை ஒன்று சேர்க்கவா?

பதில்: வேண்டாம். அவன் மேசைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். நாடு கடத்தவேண்டியவர்களின் பட்டியல். ஒரு பெயர்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறான். கோடு கொஞ்சம் கோணிவிடுகிறது. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, முழுப் பட்டியலையும் முதலிலிருந்து அழகாக எழுதுகிறான். நேரமாகிவிட்டது, ஆனாலும் அரைகுறையாக விட்டுப் போக மனசில்லை. கடமை தவறாதவன் என்ற திருப்தியோடு விளக்கை அணைக்கிறான். அப்புறம் அந்தப் பெயருக்கு உரியவரை ஒரே ஒரு பக்கத்துக்காவது நேரில் காட்டுங்கள். இதை மறந்தால் நாவல் அவன் பக்கம் சாய்ந்துவிடும்.

கேள்வி: சிறுவயதில் அப்பா அடித்தார், அதனால் கெட்டுப்போனான் என்று வைக்கலாமா?

பதில்: அடித்தது இருக்கட்டும், 'அதனால்' வேண்டாம். அடி வாங்கிய எல்லோரும் பட்டியல் எழுதப் போகவில்லை.

கேள்வி: அவன் கருத்துதான் என் கருத்து என்று வாசகர்கள் நினைத்துவிட்டால்?

பதில்: பாதிக்கப்பட்டவருக்கு முகம் கொடுத்திருந்தால் நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: கடைசியில் திருந்தியே ஆகவேண்டுமா?

பதில்: இல்லை. ஆந்தனி பர்ஜெஸின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' (1962) 21 அத்தியாயம். அமெரிக்கப் பதிப்பு கடைசி அத்தியாயத்தை வெட்டியது, 1986இல்தான் சேர்த்தது. கொடுமைகள் செய்து திரியும் நாயகன் அலெக்ஸ், அதில்தான் சலித்துப்போய்த் தானாக வன்முறையை விடுகிறான். அதற்கு முன்பு, வன்முறையை நினைத்தாலே குமட்டவைக்கும் சிகிச்சை என்று அரசு அவனிடம் பிடுங்கியதே தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தானே? அதனால் எனக்கு 21 வேண்டும்.

மறுப்பு: அவ்வளவு கொடுமை செய்தவனுக்கு வெறும் சலிப்பு போதுமா? 20இல் முடிவதே நேர்மை.

பதில்: சரி, அவன் வருந்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அத்தியாயத்தில், தனக்குப் பிறக்கப்போகும் மகனும் இதையெல்லாம் செய்வான், தன்னால் தடுக்க முடியாது என்று நினைக்கிறானே! அது ஆறுதலான முடிவா? எனக்கு 20ஐ விட அதிகமாகக் குலை நடுங்கியது அங்கேதான்.

மறுப்பு: அந்த வரியை நான் கவனிக்கவில்லை. திரும்பப் படிக்கிறேன்.

கேள்வி: வில்லனை நியாயப்படுத்துகிறேன் என்று திட்டுவார்களா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பாதிக்கப்பட்டவருக்கு முகம் கொடுங்கள்.

கேள்வி: எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?

பதில்: அது என் துறை இல்லை. நூல் வெளியிட்டவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: என் வில்லன் 40ஆம் பக்கத்தில் அழுகிறான். எடுத்துவிடவா?

பதில்: யாருக்காக அழுகிறான்? தனக்காக என்றால் இருக்கட்டும்.