லாகென்மானின் செல்லோ

அன்புள்ள சார்,

சமகால ஜெர்மானிய இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இசையமைப்பாளர் ஹெல்முட் லாகென்மான் செல்லோவுக்காக (வயலினைவிடப் பெரிய, வில்லால் வாசிக்கும் கருவி) எழுதிய ‘பிரெஸியோன்’ கேட்டேன். செல்லோவைத் தேய்க்கிறார்கள், தட்டுகிறார்கள், சுரண்டுகிறார்கள். மெட்டு என்று ஒன்றுமே இல்லை. பீத்தோவன் பிறந்த நாட்டில் இதற்குப் பெரிய விருது எப்படிக் கொடுத்தார்கள்? வாழ்நாள் முழுக்க ஒருவர் இதையே செய்ய முடியுமா? எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

ரசனைக் குறைவெல்லாம் இல்லை. முதல் தடவை நானும் பாதியில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு கலைஞர் அதை வாசிக்கும் காணொளியைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. வில் கம்பியில் எவ்வளவு அழுந்துகிறது, விரல் நுனி எங்கே வழுக்குகிறது, மரத்தில் எது படுகிறது என்பதுதான் அந்தப் படைப்பே. ‘பிரெஸியோன்’ என்றாலே அழுத்தம். இசைக்குறிப்பையும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். எந்த ஸ்வரம் கேட்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்காது. கை எங்கே போக வேண்டும் என்றுதான் இருக்கும். வழக்கமாக ஸ்வரம் நம் காதில் விழும், அதைப் பிறப்பிக்கும் உழைப்பு விழாது. இவர் அந்த உழைப்பைக் கேட்கவைக்கிறார். இடையில் ஓரிடத்தில் நமக்குப் பழகிய செல்லோ நாதம் நீண்டு வரும். அத்தனை உரசலுக்கும் பிறகு வந்ததால், செல்லோவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

லாகென்மான் 1935இல் ஸ்டுட்கார்ட்டில் ஒரு போதகர் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரிலேயே பியானோவும் இசைக்கோட்பாடும் படித்தார். 1958இல் வெனிஸுக்குப் போய் இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவிடம் இரண்டு வருடம் பயின்றார். நோனோ கறாரான ஆசிரியர். பழக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் சின்ன அலங்காரத்தைக்கூட விடமாட்டார். அந்தக் கண்டிப்பு மாணவரிடம் அப்படியே தங்கிவிட்டது. பழக்கத்தை மறுப்பதுதான் அழகு என்று பிற்காலத்தில் லாகென்மான் சொன்னார். அழகே வேண்டாம் என்றவர் இல்லை அவர். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

1948இல் பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அன்றாட ஓசைகளைப் பதிவுசெய்து இசையாக்கினார். அதே கவனத்தை, எந்தப் பதிவுக் கருவியும் இல்லாமல், மேடையில் வாசிக்கும் வயலினிடமும் குழலிடமும் கொண்டுவந்தவர் லாகென்மான். ‘பிரெஸியோன்’ 1969இல் எழுதியது. ஹானோவரிலும் பிறகு ஸ்டுட்கார்ட்டிலும் பேராசிரியராக இருந்து, 1999 வரை பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

எதிர்ப்பு நிறையவே இருந்தது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிக்கு முன்னால் வாசிப்பதற்கென்று 1980களில் ‘ஸ்டவ்ப்’, அதாவது தூசி, என்ற படைப்பை எழுதினார். கேட்டு வாங்கிய இசைக்குழுவே வாசிக்க மறுத்துவிட்டது. பீத்தோவனை எத்தனை கூர்ந்து கேட்டவர் எழுதியது அது! எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நீங்கள் கேட்ட விருது, எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் இசைப் பரிசு, 1997இல் கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அவருடைய ஓபரா, அதாவது இசை நாடகம், ஹாம்பர்க்கில் அரங்கேறியது. ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை. பனியில் உறைந்து சாகிறவளுக்கு எந்த மெட்டைக் கொடுப்பது? கைகளைத் தேய்க்கும் ஓசை, நடுங்கும் மூச்சு, நாக்கைச் சொடுக்கும் சத்தம், இவற்றால் அந்தக் குளிரைக் கட்டியிருக்கிறார். ‘பிரெஸியோன்’ உரசல் வெறும் புதுமை இல்லை என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. குச்சியைக் கிழிப்பதும் ஓர் உரசல்தானே. அதோடு அவர் நிற்கவில்லை. ஆயுதம் ஏந்திய தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த குட்ருன் என்ஸ்லின் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தையும் உள்ளே வைத்தார். சிறு வயதில் லாகென்மானுக்கு அறிமுகமானவர், அவரும் ஒரு போதகரின் மகள். 1968இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பல்பொருள் அங்காடிக்குத் தீ வைத்தவர்களில் ஒருவர், 1977இல் ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்தார். ஒரே நெருப்பு, இரண்டு பெண்கள். என்ஸ்லினின் செயலை அவர் நியாயப்படுத்தவில்லை என்றே நான் நினைக்கிறேன். அவரை அங்கே கொண்டுபோன குளிர் எது என்று கேட்கிறார்.

சரி, நீங்கள் எங்கிருந்து தொடங்கலாம்? 1980இல் எழுதிய ‘ஐன் கின்டர்ஷ்பீல்’ கேளுங்கள். ஏழு சின்னப் பியானோத் துண்டுகள். முதல் துண்டு, ஜெர்மனியில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த ‘ஹென்ஷன் கிளைன்’ பாட்டின் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வலது கோடிக் கட்டையிலிருந்து ஒன்றுவிடாமல் இடது கோடிவரை இறங்கும். மெட்டு போய்விட்டது, ஆனாலும் பாட்டு தெரியும். அதற்குப் பிறகு ‘பிரெஸியோன்’ இன்னொரு முறை, இம்முறை காணொளியாகப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.