கேளுங்கள் சொல்கிறேன்: நாற்பது காகிதம், ஒரு நாற்காலி

கேள்வி: பினாங்கு லெபோ பாசாரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கணக்கெழுத ஆள் கேட்டதற்கு 40 சுயவிவரம் வந்திருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி. எப்படிப் பிரிப்பது?
- வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: வண்ணக் கோடுகளையும் ‘கடின உழைப்பாளி’யையும் பார்த்து மயங்காதீர்கள் அம்மா, அதெல்லாம் கைப்பேசியிலேயே ஐந்து நிமிட வேலை. வேலையில் சேர்ந்த மாதத்தையும் நின்ற மாதத்தையும் பாருங்கள். ‘2021–2022’ என்றால் இரண்டு வருடமாகவும் இருக்கலாம், டிசம்பரில் சேர்ந்து ஜனவரியில் நின்றதாகவும் இருக்கலாம். செந்தூலில் ஹார்ட்வேர் கடை நடத்தியபோது அப்படி ஒருவரிடம் ஏமாந்தவன் நான். சந்தேகமென்றால் நேர்காணலுக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்தெந்த மாதம் சந்தா கட்டப்பட்டது என்பது அதில் தெரியும். (கட்டாமல் ஏய்க்கும் முதலாளிகளும் உண்டு. அது பிள்ளைகள் குற்றமல்ல.)

வேலையில் இடைவெளி இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள். ‘14 மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன்’ என்று ஒரே வரி எழுதிய பெண்ணைத்தான் அப்புறம் எடுத்தேன். எட்டு வருடம், கல்லாவில் பத்து சென் பிசகவில்லை.

எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) கிரேடு? ஒரு பார்வை போதும். நாலு பேரைக் கூப்பிட்டு, பழைய பில் பத்தைக் கையில் கொடுத்துக் கூட்டிப் பதியச் சொல்லுங்கள். சம்பளத்தை மட்டும் 1,700 ரிங்கிட்டுக்குக் கீழே பேசிவிடாதீர்கள்; 2025 முதல் அதுதான் குறைந்தபட்சம்.