விஎம்முக்குள்ள டிஸ்க் தகராறு பண்ணுதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ரொம்ப வருஷமா விஎம்ங்கள (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடற இன்னொரு கம்ப்யூட்டர்) கட்டி மேய்க்கிறதுதான் என் பொழப்பு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கெஸ்ட் (விஎம்முக்குள்ள ஓடற சிஸ்டம்) தன்னோட டிஸ்க்னு நம்பிட்டு இருக்கறது ஹோஸ்ட்ல (விஎம்ம சுமக்கற நிஜ கம்ப்யூட்டர்) பெரும்பாலும் ஒரு ஃபைல் (இமேஜ்னு சொல்வாங்க), அவ்ளோதான். அந்த ஃபைலுக்குக் கீழ ஹோஸ்டோட ஃபைல் சிஸ்டம், அதுக்குக் கீழ நிஜ டிஸ்க், சில இடத்துல நடுவுல நெட்வொர்க் வேற. எரர் மேல தெரியும், ஓட்டை கீழ இருக்கும். அதனால கேக்கும்போது ஹோஸ்ட் என்ன, கெஸ்ட் என்ன, எரர்ல என்ன வார்த்தை வந்துச்சுன்னு அப்படியே போடுங்க, "டிஸ்க் வேலை செய்யல"ன்னு மட்டும் போட்டா நானும் ஜோசியம்தான் சொல்லணும்.

கேள்வி: அக்கா, டெபியன் (லினக்ஸ்) கெஸ்ட், ரூட் பார்ட்டிஷன் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். வாரத்துல ரெண்டு மூணு நாள் காலைல வந்து பாத்தா ரீட் ஒன்லியா (படிக்க மட்டும், எழுத முடியாம) மாறி நிக்குது. ரீபூட் பண்ணா சரியாகிடுது. ஹோஸ்ட்ல இடம் நிறைய இருக்கு. டிஸ்க் செத்துப் போச்சா?

பதில்: ரீட் ஒன்லி ஆகறது நோய் இல்ல தம்பி, அது தற்காப்பு. டெபியன்ல எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க்க எப்படி மாட்டணும்னு குறிச்சிருக்கற) ஃபைல்ல ரூட் வரிய பாருங்க, எரர் வந்தா ரீட் ஒன்லியா மாத்துன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். எழுதப் போய் கீழருந்து எரர் வந்துச்சுன்னா இதுக்கு மேல எழுதி கெடுக்க வேணாம்னு கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) கைய கட்டிக்கும். ஹோஸ்ட்ல இடம் தீந்து போயிருந்தா பொதுவா இப்படி ஆகாது, கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் (விஎம்ம ஓட்டற சாஃப்ட்வேர்) ரெண்டுமே அப்ப விஎம்மயே தற்காலிகமா நிறுத்தி வச்சிடும். உங்களுக்கு கெஸ்ட் வரைக்கும் எரர் போயிருக்குன்னா ஒண்ணு நிஜ டிஸ்க்ல கோளாறு, இல்ல கீழருந்து பதில் வர ரொம்ப லேட்டாகி டைம்அவுட். "காலைல வந்து பாத்தா"ன்னு சொல்றீங்க பாருங்க, அதுதான் எனக்கு இடிக்குது. ராத்திரி அந்த ஹோஸ்ட்ல என்ன ஓடுது? அடுத்த தடவ ஆகும்போது ரீபூட் பண்றதுக்கு முன்னாடி கெர்னல் லாக்க பாத்துட்டு வாங்க. ரூட் ரீட் ஒன்லியா இருக்கறதால லாக் டிஸ்க்ல ஏறாது, ரீபூட் பண்ணீங்கன்னா சாட்சி அழிஞ்சிடும்.

கேள்வி: டிஸ்க்க 20 ஜிபிலேருந்து 60 ஜிபியா ஏத்தினேன், செட்டிங்ஸ்லயும் 60னு காட்டுது. உள்ள போய் பாத்தா அதே 20. ரெண்டு நாளா மண்டைய உடைச்சிக்கறேன்.

பதில்: இது எல்லாரும் ஒரு தடவ விழற பள்ளம். நீங்க பெருசாக்கினது வெளிய இருக்கற டப்பாவ மட்டும். அதுக்குள்ள பார்ட்டிஷன் இருக்கு, பார்ட்டிஷனுக்குள்ள சில பேருக்கு எல்விஎம் (இடத்த பிரிச்சு குடுக்கற லினக்ஸ் அடுக்கு) இருக்கு, அதுக்கும் உள்ள ஃபைல் சிஸ்டம். ஒவ்வொண்ணா வெளியேருந்து உள்ள வரிசையா இழுத்து விடணும், வெளிய இழுத்தா உள்ள தானா வராது. மொதல்ல எல்எஸ்பிஎல்கே (டிஸ்க், பார்ட்டிஷன் சைஸ காட்டற கமாண்ட்) போடுங்க, டிஸ்க் 60னும் பார்ட்டிஷன் 20னும் காட்டினா குரோபார்ட் போட்டு பார்ட்டிஷன இழுங்க. எல்விஎம் இருந்தா பிவிரிசைஸ், அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட். கடைசியா இஎக்ஸ்டி4னா ரிசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்னா அதுக்கு தனி குரோ கமாண்ட் இருக்கு, அத மவுன்ட் ஆகி (சிஸ்டத்துல மாட்டி பயன்பாட்டுல) இருக்கும்போதே ஓட்டணும். எல்எஸ்பிஎல்கேலயே டிஸ்க் 20னுதான் காட்டுதுன்னா கெஸ்ட்டுக்கு இன்னும் சேதியே போகல, ஒரு தடவ முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்பவும் 20னா ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப சேமிச்சு வச்சது) இருக்கான்னு பாருங்க, விர்ச்சுவல்பாக்ஸ்ல ஸ்னாப்ஷாட் வச்சுக்கிட்டு அடில இருக்கற டிஸ்க்க ஏத்தினா இப்ப ஓடற டிஸ்க்குக்கு அது தெரியாது.

இன்னொண்ணு, உபுண்டு சர்வர எல்விஎம்மோட இன்ஸ்டால் பண்ணவங்களுக்கு, டிஸ்க்க ஏத்தாமலே பாதி இடம் காணாம போன மாதிரி இருக்கும். இன்ஸ்டாலரே ரூட்டுக்கு பாதி குடுத்துட்டு மீதிய ஒதுக்காம வச்சிருக்கும், எல்விஎக்ஸ்டெண்ட் போட்டா வந்துடும். விண்டோஸ்காரங்களுக்கு வேற தலைவலி: சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் நந்தி மாதிரி உக்காந்திருக்கும், அது நகர்ற வரைக்கும் எக்ஸ்டெண்ட் பட்டன் சாம்பலாதான் இருக்கும்.

கேள்வி: ப்ரோ, கேவிஎம்ல விண்டோஸ் கெஸ்ட், டிஸ்க் சாட்டா இணைப்புல இருந்துச்சு. ஸ்பீடு வரும்னு விர்ட்ஐஓக்கு (விஎம்முக்குன்னே செஞ்ச இணைப்பு) மாத்தினேன். நீல ஸ்கிரீன், இனாக்சசிபிள் பூட் டிவைஸ்னு வருது. டேட்டா போச்சா?

பதில்: போகல, பயப்படாதீங்க. விண்டோஸோட விர்ட்ஐஓ டிரைவர் சேந்து வராது, பூட் ஆகற நேரத்துல டிஸ்க்க தொடவே தெரியாம முழிக்குது. திரும்ப சாட்டாவுக்கே மாத்துங்க, பழையபடி பூட் ஆகும். அப்புறம் 1 ஜிபில சும்மா ஒரு காலி டிஸ்க்க ரெண்டாவதா, விர்ட்ஐஓவா மாட்டுங்க. விண்டோஸ் உள்ள போய் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓலேருந்து (சிடி மாதிரி மாட்டற ஃபைல்) டிரைவர போட்டு, அந்த காலி டிஸ்க் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல தெரியுதான்னு பாத்துக்கோங்க. தெரிஞ்சா ஷட்டவுன் பண்ணி மெயின் டிஸ்க்க மாத்துங்க, காலி டிஸ்க்க கழட்டிடலாம். புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்கு டிஸ்க்கே தெரியலன்னா அதே ஐஎஸ்ஓவ ரெண்டாவது சிடியா மாட்டி லோட் டிரைவர் குடுங்க. (அப்புறம் ப்ரோ இல்லப்பா, அக்கா.)

கேள்வி: ரைட் லாக் (எழுதற உரிமைக்கான பூட்டு) கிடைக்கல, வேற ப்ராசஸ் இந்த இமேஜ யூஸ் பண்ணுதான்னு கேக்குது. லாக்க ஆஃப் பண்றது எப்படி?

பதில்: ஆஃப் பண்ணாதீங்க. அந்தப் பூட்டு கெமு (கேவிஎம்ல விஎம்ம ஓட்டற ப்ரோக்ராம்) 2.10ல, 2017ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரே இமேஜ ரெண்டு விஎம்ல கவனிக்காம மாட்டி, ரெண்டும் தனித்தனியா எழுதி ஃபைல் சிஸ்டத்த கஞ்சி ஆக்கினவங்க ஏராளம். எல்எஸ்ஓஎஃப் போட்டு அந்த ஃபைல யார் புடிச்சிட்டு இருக்காங்கன்னு பாருங்க, பாதி நேரம் பழைய கெமு ப்ராசஸ் சாகாம கிடக்கும். ஒரே இமேஜ்லேருந்து நாலு விஎம் வேணும்னா அத பேஸா வச்சு ஆளுக்கொரு ஓவர்லே ஃபைல் (மாத்தறத மட்டும் தனியா எழுதி வைக்கறது) உருவாக்குங்க. அதுக்கப்புறம் பேஸ்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

கேள்வி: இமேஜ் ஃபைல ஹோம் ஃபோல்டர்ல வச்சிருக்கேன், பெர்மிஷன் டினைட். 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) குடுத்தும் அதேதான்.

பதில்: 777அ மொதல்ல திருப்பி எடுங்க. விஎம்ம ஓட்டறது நீங்க இல்ல, லிப்விர்ட் (கேவிஎம் விஎம்கள நிர்வகிக்கற சாஃப்ட்வேர்) வேற யூசர்ல ஓட்டுது. அந்த யூசர் ஃபைல தொடணும்னா வழில இருக்கற ஒவ்வொரு ஃபோல்டர்லயும் எக்ஸ் (உள்ள நுழையற) பெர்மிஷன் வேணும், வீட்டுக் கதவு பூட்டியிருக்கும்போது பீரோவ மட்டும் தொறந்து வச்சு என்ன பிரயோஜனம்? அது சரியா இருந்தும் மறுத்தா எஸ்இலினக்ஸ் இல்லன்னா ஆப்ஆர்மர்ங்கற பாதுகாப்பு அடுக்கு தடுக்கும், லாக்ல டினைட்னு பதிஞ்சிருக்கும். சுலபமான வழி, இமேஜ லிப்விர்ட்டோட இமேஜஸ் ஃபோல்டருக்கே நகர்த்திடுங்க, எஸ்இலினக்ஸ் இருந்தா ரெஸ்டோர்கான் (அதோட லேபிள சரி பண்ற கமாண்ட்) ஒரு தடவ.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டர் தெரியுது, உள்ள போக விடல. லினக்ஸ் கெஸ்ட்.

பதில்: உங்க யூசர விபாக்ஸ்எஸ்எஃப் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணுங்க. லாக்அவுட் பண்ணாமலே "வேலை செய்யல"ன்னு திரும்பி வராதீங்க.

கேள்வி: மேடம், ஹோஸ்ட்ல இருக்கற நிஜ பார்ட்டிஷன விஎம்முக்கும் குடுத்து, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மவுன்ட் பண்ணி யூஸ் பண்ணலாமா? ஒரு வாரமா பண்றேன், நல்லாதான் போகுது.

பதில்: இன்னைக்கே நிறுத்துங்க சார். ரெண்டு பக்கமும் அது தன்னோடது மட்டும்னு நினைச்சுக்கிட்டு மெமரில கேஷ் வச்சிருக்கும். ஹோஸ்ட் ஒரு பிளாக்க காலின்னு குறிச்சு வச்சிருக்கும், கெஸ்ட் அதுல ஃபைல எழுதியிருக்கும், ஹோஸ்ட் அதுமேல இன்னொண்ண எழுதும். எரர் எதுவும் வராது, அதுதான் கொடுமை, ஒரு நாள் திடீர்னு ஃபோல்டர் ஃபோல்டரா காணாம போகும். ஃபைல் பகிரணும்னா ஷேர்டு ஃபோல்டரோ என்எஃப்எஸ்ஸோ (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிர்றது) வைங்க. நிஜ டிஸ்க்கேதான் வேணும்னா கெஸ்ட் ஓடற வரைக்கும் ஹோஸ்ட்ல அன்மவுன்ட், விண்டோஸ் ஹோஸ்ட்னா டிஸ்க்க ஆஃப்லைன். இப்ப உடனே டேட்டாவ காப்பி எடுத்துட்டு ஃபைல் சிஸ்டம் செக் ஓட்டுங்க.

கேள்வி: உள்ள 40 ஜிபி டெலிட் பண்ணேன், ஹோஸ்ட்ல விடிஐ ஃபைல் (விர்ச்சுவல்பாக்ஸ் இமேஜ்) ஒரு எம்பி கூட குறையல.

பதில்: குறையாது. டெலிட் பண்ணா கெஸ்ட் தன் கணக்குல மட்டும்தான் அழிக்கும். காலி இடத்த பூஜ்யத்தால நிரப்பி (விண்டோஸ்ல எஸ்டெலிட், லினக்ஸ்ல ஜீரோஃப்ரீ) ஷட்டவுன் பண்ணி காம்பாக்ட் ஓட்டுங்க. எஸ்டெலிட் பூஜ்யம் நிரப்பும்போது ஃபைல் மொதல்ல அதோட முழு சைஸ் வரைக்கும் ஊதிட்டு அப்புறம் சுருங்கலாம், ஹோஸ்ட்ல அவ்ளோ இடம் இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. ஒரு தடவ நான் பாக்காம ஆரம்பிச்சு, ஹோஸ்ட் நிரம்பி, அதுல இருந்த மத்த மூணு விஎம்மும் சேந்து நின்னுச்சு. அந்த பதட்டத்துல ஸ்னாப்ஷாட் ஃபோல்டர்ல இருந்த பெரிய ஃபைல் ஒண்ண கையால டெலிட் பண்ணேன் பாருங்க, அதோட போச்சு அந்த விஎம். ஸ்னாப்ஷாட்ட எப்பவும் மெனுலேருந்துதான் அழிக்கணும். கேவிஎம்ல க்யூகவ்2 இமேஜ்னா இவ்ளோ பாடு இல்ல, டிஸ்க்ல டிஸ்கார்ட் அன்மேப்னு வச்சுட்டு உள்ள எஃப்எஸ்ட்ரிம் போட்டா போதும்.

கேள்வி: அக்கா, மொதல் கேள்வி கேட்டது நான்தான். இன்னைக்கு காலைலயும் ஆச்சு, ரீபூட் பண்ணாம லாக் பாத்தேன். ராத்திரி 2 மணிக்கு மேல எஸ்டிஏ (டிஸ்க்கோட பேரு) கமாண்ட் டைம்அவுட், அப்புறம் ஐ/ஓ எரர், அப்புறம் ஜர்னல் (எழுதறதுக்கு முன்னாடி குறிச்சு வைக்கற பதிவு) அபார்ட். விஎம் டிஸ்க் நாஸ்ல (நெட்வொர்க்ல இருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) இருக்கு, 2 மணிக்கு அதே நாஸ்ல பேக்கப் ஓடுது!

பதில்: ஆள் அகப்பட்டாச்சு. பேக்கப் ஓடும்போது நாஸ் மூச்சு திணறுது, லினக்ஸ் எஸ்டிஏ மாதிரி டிஸ்க்குக்கு ஒரு கமாண்டுக்கு 30 செகண்ட்தான் பொறுக்கும், திரும்பத் திரும்ப கேட்டு பதில் வரலன்னா எரர்னு முடிவு கட்டிடும். சிஸ் ஃபோல்டர் அடில பிளாக், எஸ்டிஏ, டிவைஸ்னு உள்ள போனா டைம்அவுட்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல 180னு எழுதுங்க. விஎம்வேர் டூல்ஸ் போட்டா அதுவே 180தான் வைக்கும், அதனால நான் ஏதோ கண்டபடி சொல்றேன்னு நினைக்காதீங்க. ரீபூட் ஆனா பழைய நம்பருக்கு போயிடும், யூடெவ் ரூல்ல (டிவைஸ் வரும்போது தானா ஓடற விதி) போட்டு வைங்க. ஆனா இது பொறுமைய கூட்டறதுதான், பேக்கப்போட வேகத்துக்கு ஒரு வரம்பு வச்சாதான் நாஸ் பொழைக்கும்.

அதுக்கும் முன்னாடி, இவ்ளோ தடவ ஜர்னல் அபார்ட் ஆன டிஸ்க்க அப்படியே ஓட்டாதீங்க. விஎம்ம ஆஃப் பண்ணி இமேஜ ஒரு காப்பி எடுங்க, ரெஸ்கியூ ஐஎஸ்ஓல பூட் பண்ணி ரூட்ட மவுன்ட் பண்ணாம எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டம் செக்) ஓட்டுங்க. காப்பி எடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டிடாதீங்க. எஃப்எஸ்சிகே முடிஞ்சதும் லாஸ்ட் ஃபவுண்ட் ஃபோல்டர்ல ஏதாவது வந்து விழுந்திருக்கான்னு பாத்துட்டு சொல்லுங்க, நான் இருக்கேன்.