கம்ப்யூட்டர் வழியாக போன் அப்டேட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: என்னுடையது பிக்சல் போன். இந்த மாத அப்டேட் தெரிந்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டர் மூலம் ஏற்றினால் போட்டோவெல்லாம் போய்விடுமா?

ப: சரியான ஃபைலை எடுத்தால் போகாது. கூகுளின் டெவலப்பர் தளத்தில் ஒவ்வொரு பிக்சல் மாடலுக்கும் இரண்டு வகை ஃபைல் இருக்கும். ஓடிஏ ஃபைல் (போனுக்கு வழக்கமாக நெட் வழியாக வரும் அப்டேட் வகை), இருக்கிற சிஸ்டத்தின் மேலேயே புதியதை ஏற்றும், உங்கள் டேட்டாவைத் தொடாது, பூட்லோடர் (போன் ஆன் ஆனதும் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் புரோகிராம்) பூட்டியிருந்தாலும் வேலை செய்யும். ஃபேக்டரி இமேஜுக்கு, அதாவது முழு சிஸ்டத்தையும் புதிதாக எழுதும் ஃபைலுக்கு, பூட்லோடரைத் திறக்க வேண்டும், திறந்தாலே போன் சுத்தமாக அழிந்துவிடும். ஆகவே உங்களுக்கு ஓடிஏ போதும். அதற்காக பேக்கப் எடுக்காமல் உட்காராதீர்கள். அதே பக்கத்தில் ஃபைலுக்குப் பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ-256 எண் (ஃபைல் மாறாமல் முழுதாக வந்ததா என்று பார்க்க உதவும் அடையாள எண்) இருக்கும், இறக்கிய ஃபைலின் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.

கே: அப்டேட் ஏற்ற, போனின் தனிப் பழுதுபார்ப்பு மெனுவான ரெக்கவரிக்குப் போனால் விழுந்து கிடக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும் 'நோ கமாண்ட்' என்ற எழுத்தும்தான் வருகின்றன. போன் கெட்டுவிட்டதா?

ப: இல்லவே இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு விடுங்கள், மெனு வரும். அதில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி'யைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரின் கமாண்ட் திரையில் ஏடிபி டிவைசஸ் (adb devices; ஏடிபி என்பது கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கூகுள் கருவி) என்று அடித்தால் உங்கள் போனின் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் சைட்லோட் (கம்ப்யூட்டர் வழியாக ஏற்றத் தயார்) என்று காட்ட வேண்டும். அதன்பின் ஏடிபி சைட்லோட் (adb sideload) என்று அடித்து ஃபைலின் பெயரைக் கொடுத்தால் ஏறத் தொடங்கும். விண்டோஸில் எதுவுமே காட்டவில்லையென்றால் பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை, இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்.

கே: கம்ப்யூட்டரில் 47 சதவீதத்தில் நின்றுவிட்டது! பிடுங்கிவிடலாமா?

ப: தயவுசெய்து பிடுங்காதீர்கள். 47-ல் நிற்பது பலருக்கும் நடப்பதுதான், போன் திரையைப் பாருங்கள், அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் 'ஸ்டேட்டஸ் 0' என்று வந்தால் வெற்றி, ரீபூட் கொடுங்கள்.

கே: பிடிக்கவில்லையென்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

ப: ஓடிஏ வழியாக முடியாது, பழைய தேதியிட்ட ஃபைலை போன் ஏற்காது. பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, ஏற்றிய பிறகு பழைய பூட்லோடருக்கே திரும்ப முடியாதபடி கூகுள் அடைத்துவிட்டது. அவசரம் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள், அப்டேட் படிப்படியாகத்தான் எல்லோருக்கும் வரும்.

கே: சாம்சங்கில் ஓடின் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் மூலம் ஏற்றலாமா?

ப: ஏற்றலாம், ஆனால் மாடல் எண்ணும் நாட்டுக் குறியீடும் பொருந்த வேண்டும். ஓடினில் நாட்டுக்குரிய அமைப்புகளுக்கான சிஎஸ்சி கட்டத்தில் 'ஹோம் சிஎஸ்சி' என்று தொடங்கும் ஃபைலை வைத்தால் டேட்டா தங்கும், வெறும் சிஎஸ்சியை வைத்தால் எல்லாம் போய்விடும்.

கே: அப்டேட் பாதியில் நின்று ஐபோன் ஆப்பிள் சின்னத்திலேயே நிற்கிறது.

ப: கம்ப்யூட்டரில் இணைத்து, வால்யூம் அப், வால்யூம் டவுன் இரண்டையும் சட்சட்டென்று தட்டி, பக்கவாட்டு பட்டனை ரெக்கவரி திரை வரும்வரை பிடியுங்கள் (ஐபோன் 8-உம் அதற்குப் பின் வந்தவையும்). 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று கேட்கும். முதலில் அப்டேட்தான், ரீஸ்டோர் எல்லாவற்றையும் அழித்துவிடும். நெட் மெதுவாக இருந்து டவுன்லோட் 15 நிமிடத்தைத் தாண்டினால் போன் ரெக்கவரியிலிருந்து தானே வெளியேறிவிடும். பதறாமல் டவுன்லோட் முடியும்வரை காத்திருந்து, அதே பட்டன்களை மறுபடி அழுத்துங்கள்.